கொக்கி போட முடியுதா?

"டாக்டர்கிட்ட சொல்லிப்புடாத தாயி" என்று கேட்டார் அந்த அம்மா. நான் சொல்லிவிட்டேன். கீமோ வார்டில் நர்சின் வேலையே அதுதான் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்தாயிற்று. இருந்தும் மனசு ஆறவில்லை.

அவருக்கு மார்பகப் புற்றுநோய். சிவப்பு மருந்து என்று நாங்கள் சொல்லும் கீமோ மருந்தை நான்கு முறை ஏற்றி முடித்து, பாக்லிடாக்செல் என்ற அடுத்த கீமோ மருந்தை ஆரம்பித்திருந்தோம். வாரம் ஒன்று, மொத்தம் 12. சிவப்பு மருந்தில் வாந்தி எடுத்து ஓய்ந்தவர்களுக்கு இதற்கு மாறியதும் போன உயிர் திரும்பிய மாதிரி இருக்கும். சோறு இறங்கும். அதனாலேயே இந்த மருந்தால் விரலில் மதமதப்பு வந்தாலும் யாரும் வாயைத் திறப்பதில்லை. நாங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். ஜாக்கெட் கொக்கி போட முடிகிறதா, செருப்பு கழன்றால் தெரிகிறதா என்று வாராவாரம் கேட்போம். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்பார்.

எட்டாவது ஊசிக்கு வந்தபோது, போட்டுக்கொள்ள ஒரு மாத்திரையைக் கையில் கொடுத்தேன். அது மடியில் விழுந்துவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மாத்திரையைப் பிடித்திருப்பதாகவே சேர்ந்து நின்றன. வாய்வரை கொண்டுபோய், கண்ணால் பார்த்த பிறகுதான் தேடினார்.

மதுரையில் பூ கட்டி விற்கிறவர் அவர். "பூ கட்ட முடியுதாம்மா?" என்று கேட்டேன். "கட்டுறேன் தாயி. எம்புட்டு இழுக்கிறேன்னுதான் தெரியல. காம்பு அந்துபோகுது" என்றார். பூக்கட்டில் கண்ணுக்கு அவ்வளவு வேலை கிடையாது. ரோட்டில் போகிறவர்களைப் பார்த்துப் பேசிக்கொண்டேதான் கட்டுவார்கள். நூலை எங்கே நிறுத்த வேண்டும் என்பது விரலுக்குத் தெரியும். இறுக்கினால் காம்பு அறும், விட்டால் மொட்டு உதிரும்.

அப்புறம்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டார். "மருந்தக் குறைச்சுட்டா நோவு திரும்பி வந்துரும்ல? விரலு போனாப் போகட்டும். உசிரு இருந்தா இட்லி வித்துப் பொழச்சுக்குவேன்."

மருந்து கலக்கச் சீட்டு போகும் நேரம் அது. நேராக டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அளவைக் குறைத்தார். அப்படியும் மதமதப்பு கூடவே, கடைசி இரண்டு ஊசியை நிறுத்திவிட்டார். இதனால் சிகிச்சை வீணாகிவிடாது என்று அந்த அம்மாவிடம் பொறுமையாகவே எடுத்துச் சொன்னார். அவர் தலையாட்டினார். என் பக்கம் திரும்பவில்லை.

இந்த மருந்து வேலை செய்யும் விதமே அப்படி. செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே நுண்குழாய்கள் உருவாகிக் கலைய வேண்டும். பாக்லிடாக்செல் அவற்றைக் கலையவிடாமல் பிடித்துக்கொள்ளும், புற்றுநோய்ச் செல் பிரிய முடியாமல் சாகும். ஆனால் நரம்புக்குள்ளே விரல் நுனிவரை சத்தைக் கொண்டுபோவதும் அதே நுண்குழாய்கள்தான். நீளமான நரம்பு முதலில் அடிபடும், அதனால்தான் காலும் கையும். வலிக்கு டுலாக்ஸெடின் என்ற மாத்திரை கொடுக்கலாம். போன உணர்ச்சியைத் திருப்பித் தர மாத்திரை கிடையாது. நிறுத்திய பிறகும் சில மாதம் கூடிவிட்டுத்தான் பலருக்குக் குறையும். சிலருக்கு முழுதாகப் போவதே இல்லை.

இதெல்லாம் தெரிந்துதான் சொன்னேன். 12 ஊசியும் ஏறியிருந்தால் நடக்கவே தடுமாறியிருக்கலாம். அது உண்மை. ஆனால் பல மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தவர் கையை விரித்துக் காட்டி, கோபம் எதுவுமில்லாமல் சொன்னார்: "மருந்தும் முழுசா ஏறல, கையும் முழுசா வரல."

ரிப்போர்ட் நன்றாக இருந்தது. அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஏறாத அந்த இரண்டு ஊசியைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. நான் சொன்ன நாளிலிருந்து எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான். வாய் முழுக்கப் புண் இருந்ததே மகள் சொல்லித்தான் தெரிந்தது. காய்ச்சல் வந்திருந்தாலும் மறைத்திருப்பாரோ? வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும்போது காய்ச்சலை மறைத்தால் உயிருக்கே ஆபத்து. அன்று அவரையும் கூட்டிப்போய், அவர் வாயாலேயே சொல்ல வைத்திருந்தால்? வந்திருக்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது. வந்திருப்பாரோ என்றும் தோன்றுகிறது.

எங்கள் படிவத்தில் மதமதப்புக்கு எண் போடுவோம். கொக்கி போடவும் சோறு பிசையவும் முடிந்தால் எண் குறைவாகத்தான் வரும். பூ கட்ட முடியாததற்கு அதில் கட்டம் இல்லை. அதனால் முதல் ஊசியன்றே என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டு ஓரத்தில் எழுதிவைக்கிறேன். தையல், மெக்கானிக், பீடி சுற்றுபவர். டாக்டர்கள் சிலர் அதைப் பார்த்துவிட்டுக் கூடுதலாக இரண்டு கேள்வி கேட்கிறார்கள். "வேலையை எதுக்கு சிஸ்டர் கேக்குறீங்க?" என்று நோயாளிகளும் கேட்கிறார்கள். விரல் மரத்தால் மருந்தைக் குறைக்க வேண்டியிருக்கும் என்று விளக்குகிறேன். எதை மறைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்துவிடுகிறேனோ என்று அப்போதெல்லாம் பயமாக இருக்கிறது.