இயந்திர மரியாவுக்கு எந்த வெள்ளி?

பிரிட்ஸ் லாங் இயக்கி, 1927 ஜனவரியில் பெர்லினில் திரைக்கு வந்த ‘மெட்ரோபோலிஸ்’ மௌனப்படத்தின் இயந்திரப் பெண்ணான மரியாவின் மாதிரி உருவத்துக்கு வண்ணம் பூசுவதில் ஒரு வசதி இருக்கிறது. படம் கருப்பு வெள்ளை. நிறம் தவறு என்று யாரும் சண்டைக்கு வர முடியாது. தொல்லையும் அதுதான். எந்த நிறம் என்று நாமே முடிவுகட்டியாக வேண்டும்.

நான் எடுத்துக்கொண்டது நாற்காலியில் அமர்ந்திருக்கும் 1/8 அளவு ரெசின் கிட், அதாவது துண்டுகளாக வரும் பிசின் வார்ப்பு; ஒட்டி வண்ணம் பூசுவது நம் வேலை. இந்த உருவத்தைப் பொன்னிறமாக முடிப்பவர்கள் நிறையப் பேர். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் சி-3பிஓ ரோபோவுக்கு ரால்ப் மெக்குவாரி முதலில் வரைந்த ஓவியம் இவளைப் பார்த்து உருவானது. பேரனின் பொன்னிறத்தைப் பாட்டிக்கும் பூட்டிவிடுகிறார்கள். இன்னொரு சாரார் முகம் பார்க்கும் கண்ணாடிபோலக் குரோம் அடிப்பார்கள். இரண்டிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. படத்தில் பிரிகிட்டே ஹெல்ம் அணிந்த அந்த உடையில் உலோகத் தகடே கிடையாது. சிற்பி வால்டர் ஷுல்ட்ஸே-மிட்டென்டோர்ஃப், நடிகையின் உடலுக்குப் பிளாஸ்டர் அச்சு எடுத்து, காற்றுப் பட்டதும் இறுகும், களிமண்போல் பிசையக்கூடிய செயற்கை மரக்கலவையைத் தகடாகத் தேய்த்து, துண்டு துண்டாக வெட்டி அதன்மேல் பொருத்தினார். பிறகு வார்னிஷில் வெள்ளித்தூள் கலந்து தெளித்தார். அதாவது நாம் திரையில் கண்டு மயங்கியது பெயின்ட் பூச்சைத்தான். ஆகவே எனக்கு வேண்டியது தெளித்த வெள்ளி: பளபளப்பு உண்டு, ஆனால் எதிரில் நிற்பவர் முகம் அதில் தெரியக்கூடாது.

வண்ணத்துக்குப் போகும் முன் ரெசினோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. சிலிக்கோன் அச்சிலிருந்து உருவம் எளிதாகக் கழன்று வருவதற்குப் பூசும் எண்ணெய்ப் பிசுக்கு மேலே தங்கியிருக்கும். அது இருக்கும்வரை வண்ணத்துக்கு அடியில் பூசும் எந்தப் பிரைமரும் பிடிக்காது. பாத்திரம் தேய்க்கும் திரவத்தைக் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் இடுக்கெல்லாம் தேய்த்தேன். இடது முன்கை சற்று வளைந்து வந்திருந்தது. வெந்நீரில் முக்கியதும் இளகியது. நிமிர்த்திப் பிடித்துக் குளிர்ந்த நீரில் காட்டியதும் அப்படியே நின்றது.

கழுத்துப் பட்டையின் அடியில் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிக் குழிகள். பிசைந்து வைத்தால் இறுகிவிடும் எபாக்சி புட்டியை ஈர விரலால் அழுத்தி அடைத்தேன். தோள், இடுப்பு மூட்டுகளில் துளையிட்டுப் பித்தளைக் கம்பி செருகி ஒட்டினேன். ரெசின் கனமானது, வெறும் பசையை நம்பினால் ஒருநாள் கை தனியாக மேசையில் கிடக்கும். உப்புத்தாள் தேய்ப்பு முழுவதும் தண்ணீரில்தான், முகமூடியும் போட்டுக்கொண்டு. ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

400 எண் உப்புத்தாளில் தொடங்கி 800, 1500 என்று நைசான தாளுக்குப் போனேன். சாதாரண வண்ணம் சிறு கீறலை மறைத்துவிடும். உலோக வண்ணம் அதை ஊருக்கே சொல்லும். சாம்பல் பிரைமர் அடித்து, சாய்வான விளக்கொளியில் ஒவ்வொரு தகடாகத் திருப்பிப் பார்த்து, கீறல் தெரிந்த இடத்தைத் திரும்பவும் தேய்த்தேன். மொத்த வேலையில் பாதி இதற்கே போனது. அலுப்பான கட்டம்தான், ஆனால் இங்கே அவசரப்பட்டவர்களின் வெள்ளி உருவங்களைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சீக்கிரம் உலரும் லாக்கர் வகை உலோக வண்ணத்துக்கு அடியில் பளபளக்கும் கருப்பு அடிப்பது வழக்கம். அடித்தளம் எவ்வளவு வழவழப்போ, வெள்ளி அவ்வளவு மின்னும். எனக்கு அந்த அளவு மின்னல் வேண்டாம் என்பதால் பாதிப் பளபளப்புக் கருப்பை அடித்தேன். அதன்மேல் அலுமினிய நிறம், காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷில் 12 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில், மூடுபனி படிவதுபோல மெல்லிய பூச்சுகளாக. ஒரே பூச்சில் முடிக்க நினைத்தால் வெள்ளி செத்துச் சாம்பலாகிவிடும். மழை பிடித்துக்கொண்ட நாட்களில் ஏர்பிரஷைத் தொடவே இல்லை. காற்றில் ஈரம் மிகுந்தால் லாக்கர் வெளிறிப் பூத்துப்போகும்.

மூட்டுக்கு ஒன்று, மார்புத் தகட்டுக்கு ஒன்று என்று வெவ்வேறு உலோக நிறங்கள் அடித்தால் விமான இயந்திரம்போல அழகாகத்தான் இருக்கும். ஆனால் அசல் உடைக்குத் தெளித்தது ஒரே வெள்ளி. நானும் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். தகடுகளைப் பிரித்துக் காட்டும் பொறுப்பை எண்ணெய் வண்ண வாஷிடம் விட்டேன்: கருப்பில் துளி அடர்பழுப்பு, வெள்ளை ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்தது. காய்ந்த லாக்கரை இது கரைக்காது. நுனித் தூரிகையால் இடுக்குகளில் மட்டும் ஓடவிட்டு, வழிந்ததைப் பஞ்சுக்குச்சியால் துடைத்தேன். விலா வரிகளும் முழங்கால் மூடிகளும் சட்டென்று எழுந்து வந்தன. இந்தச் செய்முறையில் எனக்கு மிகவும் பிடித்த அரைமணி நேரம் அதுதான். மேலே வார்னிஷ் அடிக்கவில்லை. அடித்தால் வெள்ளியின் உயிர் மங்கும். பதிலாக, கையுறை இல்லாமல் யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டாகிவிட்டது.

மிச்சம் இருப்பது பீடம். அவள் உயிர்பெறும் காட்சியில் மேலும் கீழும் நகரும் ஒளி வளையங்களை எல்ஈடி வைத்துச் செய்யும் ஆசை இருந்தது, விட்டுவிட்டேன். அசையாத வளையத்துக்குள் உட்காரவைத்தால் கூண்டில் அடைத்ததுபோல ஆகிவிடும். நாற்காலிக்கு மினுக்கமே இல்லாத அடர்சாம்பல் அடித்தாகிவிட்டது. பின்சுவரில் இருக்கும் தலைகீழ் ஐமுனை நட்சத்திரத்தை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் வெட்டி ஒட்ட வேண்டும். தாள் வாங்கியிருக்கிறேன்.