ஆன்சைட் கடிதத்தில் சம்பளத்தைக் கடைசியாகப் படியுங்கள்

வெளிநாட்டுப் பணி என்று மேனேஜர் வாயைத் திறந்ததுமே பலரும் செய்கிற முதல் வேலை, அங்கே தரும் சம்பளத்தை அன்றைய நாணய மதிப்பால் பெருக்கிப் பார்ப்பது. கிடைக்கிற எண் சந்தோஷமாக இருக்கும், ஆனால் எதற்கும் உதவாது. கடிதத்தில் முதலில் தேட வேண்டியது, நீங்கள் யாருடைய ஊழியராகப் போகிறீர்கள் என்பதைத்தான்.

பழைய ஒப்பந்தம் அப்படியே தொடர, குறிப்பிட்ட காலத்துக்கு அனுப்புவது ஒரு வகை. இங்கே ராஜினாமா செய்துவிட்டு அங்குள்ள கிளையின் லோக்கல் பேரோலில் சேர்வது இன்னொரு வகை. இரண்டாவதில் பணிமூப்பு அறுந்துபோகலாம். திரும்பி வந்தால் வேலை தர வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இருக்காது. லோக்கல் சம்பளத்தோடு வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம் போன்ற சிலவற்றை மட்டும் சேர்த்துத் தரும் 'லோக்கல் பிளஸ்' இடைப்பட்ட வகை. பெயர் கவர்ச்சியாக இருந்தாலும் திரும்பி வரும் உரிமையைப் பொறுத்தவரை இதுவும் பெரும்பாலும் லோக்கல்தான்.

முதல் வகையில் விலைவாசிப் படி என்று ஒன்று வரும். அங்கே செலவு 30 சதவீதம் அதிகம் என்றால் சம்பளமும் 30 சதவீதம் ஏறும் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய. கணக்கு அப்படிப் போடப்படுவதில்லை. சம்பளம் 100 என்று வையுங்கள். அதில் வரி 20, வீடு 15, சேமிப்பு 25 போக அன்றாடச் செலவுக்கு மிஞ்சுவது 40. படி கணக்கிடப்படுவது அந்த 40-க்கு மட்டும்: ஆக 12. வீட்டுக்குத் தனி ஏற்பாடு இருக்கும், சேமிப்புக்கு எதுவும் கிடையாது. நாணய மதிப்பு மாறினால் படியை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை திருத்துவார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறைதான் என்றால், நடுவில் வரும் சரிவு உங்கள் தலையில்.

வரியில்தான் சிக்கல் அதிகம். 183 நாளுக்குள் திரும்பிவிட்டால் அங்கே வரி இல்லை என்று அலுவலகங்களில் வேதவாக்காகச் சொல்வார்கள். நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் வரி ஒப்பந்தங்களுக்கு முன்மாதிரியாக ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு எழுதிவைத்த ஒப்பந்தத்தின் 15-ஆம் பிரிவில் அது மூன்று நிபந்தனைகளில் ஒன்று மட்டுமே. சம்பளம் தரும் நிறுவனம் வரிக் கணக்கில் அந்த நாட்டில் வசிப்பதாக இருக்கக்கூடாது. அந்த நாட்டில் உள்ள கிளையின் செலவாகவும் சம்பளம் ஏறக்கூடாது. அங்குள்ள கிளையிடமிருந்து உங்கள் சம்பளத்தை நிறுவனம் உள்கணக்கில் வசூலித்துக்கொண்டால், 60 நாள் இருந்தாலும் வரி வரலாம். நாட்களை எண்ணும்போது போய் இறங்கிய நாள், கிளம்பிய நாள், சனி ஞாயிறு எல்லாமே சேரும். இரண்டு நாடுகளுக்கும் இடையே வரி ஒப்பந்தமே இல்லையென்றால் இந்த விலக்கைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

நல்ல நிறுவனங்கள் வரிச் சமன்பாடு தரும். உள்ளூரில் இருந்திருந்தால் எவ்வளவு வரி கட்டியிருப்பீர்களோ அதைப் பிடித்துக்கொண்டு, இரு நாட்டு வரியையும் அவர்களே கட்டிவிடுவார்கள். பேரம் பேச வேண்டிய இடம் இதுதான். வரி 30 சதவீதம் உள்ள நாட்டில் உங்கள் கைக்கு 100 வர, நிறுவனம் ஏறக்குறைய 143 செலவிட வேண்டும். வரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் 'படி 100' என்று மட்டும் கடிதம் சொன்னால் கைக்கு வருவது 70.

ஓய்வூதியத்தை இளைஞர்கள் யாரும் கேட்பதில்லை. இரு நாடுகளுக்கிடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருந்தால், சொந்த நாட்டுத் திட்டத்திலேயே தொடர்வதற்குச் சான்றிதழ் வாங்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அது ஏ1 சான்றிதழ், பொதுவாக 24 மாதம் வரை. அமெரிக்கா செய்துள்ள ஒப்பந்தங்களில் பெரும்பாலும் 5 ஆண்டு. சான்றிதழ் இல்லையென்றால் இரண்டு பக்கமும் பிடித்தம் நடக்கலாம், அல்லது சேவைக்காலத்தில் ஓட்டை விழலாம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் பயணம் பாதியில் முறிவதற்குக் குடும்பம் காரணமாவது சகஜம். துணைவர் அங்கே வேலை செய்யலாமா என்பது விசா வகையைப் பொறுத்தது, அதுவும் மாறிக்கொண்டே இருக்கும். சிங்கப்பூரில் சார்ந்தோர் அனுமதியில் இருப்பவர்கள் வேலை பார்க்க 2021 மே முதல் தனியாக வேலை அனுமதி வாங்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கா, நிறுவனத்துக்குள்ளேயே மாற்றலாகி வருபவரின் குடும்பத்துக்கான எல்-2 விசாவில் உள்ள துணைவருக்குத் தனி அட்டை இல்லாமலே வேலை செய்யும் உரிமையை ஏற்றது. ஆகவே ஏற்கெனவே போய் வந்தவர் சொல்வதை நம்பாமல் அந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் தளத்தைப் பாருங்கள். துணைவரின் சம்பளம் நின்றுபோகும் என்றால் அதையும் கழித்துவிட்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும். பல பேருக்கு லாபம் அந்த இடத்திலேயே கரைந்துவிடும்.

திரும்பி வருவது பற்றிக் கடிதம் என்ன சொல்கிறது? 'பொருத்தமான பணி தர முயல்வோம்' என்பது வாக்குறுதி ஆகாது. 'இதே நிலையில் அல்லது அதற்குச் சமமான பணி' என்று இருக்க வேண்டும். நீங்கள் அங்கே இருக்கும்போது சொந்த நாட்டுச் சம்பளத்தை ஏட்டில் ஆண்டுதோறும் உயர்த்திக்கொண்டு வருகிறார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் மூன்று ஆண்டு கழித்து, கிளம்பிய நாளின் சம்பளத்துக்கே வந்து நிற்பீர்கள். நிறுவனமே வேலையை விட்டு நீக்கினால் டிக்கெட்டும் சாமான் அனுப்பும் செலவும் யாருடையது, நீங்களே விலகினால் இடமாற்றச் செலவை எத்தனை மாதம் வரை திரும்பக் கேட்பார்கள், அந்தத் தொகை மாதத்துக்கு மாதம் குறையுமா என்பதெல்லாம் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை. பிறகு கேட்டால் ஹெச்ஆர் கொள்கை ஆவணத்தைக் காட்டிவிட்டுப் போவார்.

பங்கு ஒதுக்கீடு, போனஸ் இருப்பவர்களுக்கு இன்னொன்று. அங்கே வேலை செய்த காலத்துக்கான பங்கு நீங்கள் திரும்பிய பிறகு கைக்கு வந்தாலும், அந்தக் காலத்துக்குரிய பகுதிக்கு அந்த நாடு வரி கேட்கலாம். எனவே வரிக் கணக்குத் தாக்கல் செய்ய நிறுவனம் தரும் உதவி, திரும்பிய ஆண்டோடு நிற்காமல் கடைசிப் பங்கு வந்து சேரும் ஆண்டுவரை நீளும்படி எழுதி வாங்குங்கள்.