அப்பம் பெருகிய கரையில் அம்மாவின் பொருத்தனை

எங்கள் அப்பா இறந்தபோது பிள்ளைகள் அனைவரும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தோம். அம்மா பீடி சுற்றித்தான் எங்களை வளர்த்தார்கள். பிள்ளைகள் தலையெடுத்தால், ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் கொண்டு ஐயாயிரம் பேரை ஆண்டவர் இயேசு போஷித்த இடத்திற்கே போய் ஸ்தோத்திரம் செலுத்துவேன் என்று அந்நாட்களில் அவர்கள் செய்த பொருத்தனை, கர்த்தருடைய கிருபையால் இவ்வாண்டு நிறைவேறிற்று.

அந்த இடம் என்று பாரம்பரியமாகச் சொல்லப்படும் தப்கா, இஸ்ரவேல் நாட்டில் கலிலேயாக் கடலின் வடமேற்குக் கரையில் இருக்கிறது. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 200 மீட்டர் கீழே கிடக்கும் அந்தப் பள்ளத்தாக்கின் புழுக்கத்தில், முழங்கால் வலியோடு அம்மா பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வந்ததே பெரிய காரியம். எங்களை அழைத்துச் சென்றவர்கள் ஒலிவ மரச் சிற்பக் கடைக்குக் கொடுத்த நேரத்தில் பாதியைக்கூட இங்கே கொடுக்கவில்லை என்ற மனத்தாங்கல் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆலயத்திற்குள்ளே போனால், பல பேருந்துகளின் கூட்டம் ஒரே நேரத்தில் பீடத்தை நெருக்கிக்கொண்டு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது.

இப்போதுள்ள ஆலயம் 1982இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. தரையிலுள்ள கல் ஓவியமோ 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 2015இல் இந்த வளாகத்திற்குத் தீ வைத்தார்கள். அதிலும் அந்த ஓவியம் சேதப்படாமல் காக்கப்பட்டது. பீடத்தின் கீழே ஒரு கரடுமுரடான பாறையும், அதன் முன்னே சிறு சிறு கற்களால் பதித்த ஒரு கூடையும், இருபுறமும் நிமிர்ந்து நிற்கும் இரண்டு மீன்களும் இருக்கின்றன. கூடையில் தெரிவது நான்கு அப்பங்களே. ஐந்தாவது, பீடத்தின் மேல் நற்கருணையாக இருக்கிறது என்று விளக்கம் சொல்வார்கள்.

கூட்டம் சற்று விலகியபோது அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூடையைக் குனிந்து பார்த்தார்கள். மண்டியிட முடியாத அவர்கள் நின்றபடியே, மற்றவர்கள் திரும்பிப் பார்க்குமளவுக்குச் சத்தமாக, "ஏசப்பா, ஒரு ராத்திரிகூட எம்பிள்ளைகளைப் பசியோட படுக்க விடலியேப்பா, ஸ்தோத்திரம்" என்றார்கள். அதற்குமேல் அவர்களால் பேச முடியவில்லை, எனக்கும் முடியவில்லை.

யோவான்ஸ்நானன் கொலையுண்ட செய்தி வந்த பிறகுதான் ஆண்டவர் தனிமையைத் தேடிப் படகேறினார் என்று மத்தேயு எழுதுகிறார். துக்கத்திலிருந்த அவரைத் தேடி ஜனங்கள் கால்நடையாய் வந்தபோது அவர் முகம் சுளிக்கவில்லை. மனதுருகினார், வியாதியஸ்தரைச் சொஸ்தமாக்கினார், அவர்களை அனுப்பிவிடச் சொன்ன சீஷர்களிடம், "நீங்களே அவர்களுக்குப் போஜனங்கொடுங்கள்" என்றார். தாலி இழந்த அதே ஆண்டில் எங்களுக்குச் சோறு வடித்துப் பரிமாறிய அம்மாவை அந்தப் பாறையின் முன் நிறுத்திப் பார்த்தபோது, துக்கத்தின் நடுவிலும் பிறர் பசியை நினைக்கும் பெலன் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு விளங்கிற்று.

அங்கிருந்து சிறிது தூரத்தில், கருங்கல்லால் 1933இல் கட்டிய பேதுருவின் ஆலயம் கரையோரமாகவே நிற்கிறது. உயிர்த்தெழுந்தவர் கரிநெருப்பின்மேல் மீனும் அப்பமும் ஆயத்தம்பண்ணி, இரவெல்லாம் வலைபோட்டு வெறுங்கையாய் நின்ற சீஷர்களை, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்று அழைத்த இடம் அது. மறுதலித்த பேதுருவிடம் எதையும் கேட்பதற்கு முன்னால் அவனுக்கும் சாப்பாடு போட்டாரே, என் ஆண்டவர்! அம்மா தண்ணீரில் கால் நனைத்தபடி யோவான் 21ஆம் அதிகாரம் முழுவதையும் என்னை வாசிக்கச் சொன்னார்கள். வழிகாட்டி இரண்டு முறை கூப்பிட்டும் நாங்கள் நடுவில் நிறுத்தவில்லை.

ஊர் திரும்பியதும் அம்மா போதகர் ஐயாவைப் பார்த்து, சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடும் இந்த வருஷத்து அசனத்திற்கான அரிசி முழுவதும் எங்கள் வீட்டிலிருந்தே வரட்டும் என்று கேட்டு வாங்கிவிட்டார்கள். பந்தியில் மீதியாவதை அன்றைக்கே ஆஸ்பத்திரி வாசலில் இருப்பவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று எங்களிடமும் சொல்லி வைத்திருக்கிறார்கள்.