அப்பாவின் ஆர்மி நம்பர்

அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. 1965 முதல் 1982 வரை ராணுவத்தில் டிரைவராக இருந்தவர். அந்தப் பதினேழு வருஷத்தையும் பேரப்பிள்ளைகள் எடுத்துப் படிக்கிற மாதிரி ஒரே இடத்தில் தொகுக்க நினைத்தேன். ஒரு மாத வேலை என்று கணக்குப் போட்டது பதினான்கு மாதம் இழுத்துவிட்டது. அதில் பாதிக்கு மேல் வீணானதற்குக் காரணம் ஒன்றுதான்: விண்ணப்பத்தை என் பெயரில் அனுப்பிவிட்டேன்.

டிஸ்சார்ஜ் புக் வீட்டில் இருந்தது. ஆனால் 1971 இந்திய-பாகிஸ்தான் போரை ஒட்டிய பக்கங்கள் செல்லரித்துவிட்டன. எனக்கு முக்கியமாக வேண்டியது அதுதான். ஆர்மி நம்பர், ரேங்க், இறப்புச் சான்றிதழ் நகல் எல்லாம் வைத்து ராணுவ ஆவண அலுவலகத்துக்கு எழுதினேன். இரண்டு மாதம் பதில் இல்லை. பிறகு பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். வந்த பதில் ஒரே வரி: தனிநபர் விவரம், தர இயலாது. மகனே கேட்டாலும் தர மாட்டார்களா, வேறு என்ன தாள் வேண்டும், எதுவும் அதில் இல்லை.

ரயிலேறி நேரிலேயே போனேன். வாசலில் இருந்தவர் என் கையில் இருந்த கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பென்ஷன்தாரர் வந்தால்தான் உள்ளே விடுவேன் என்றார். அம்மாவுக்கு 76 வயது, முழங்கால் வலி. எப்படிக் கூட்டிவருவது? அன்று ராத்திரி ரயிலிலேயே திரும்பினேன். அந்த அலைச்சலை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

வழி சொன்னவர் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற சுபேதார். "குடும்ப பென்ஷன் யார் பேர்ல வருதோ அவங்க கையெழுத்துல கடிதம் போகணும் தம்பி. பிபிஓ நகலையும் சேர்த்து வை" என்றார். பிபிஓ என்றால் பென்ஷன் வழங்கச் சொல்லும் உத்தரவு. அம்மா கையெழுத்துப் போட்டார். நாற்பது நாளில் தபால் வந்துவிட்டது. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஆர்மி ரெக்கார்டில் அப்பா பெயருக்கு இனிஷியல் இல்லை, இறப்புச் சான்றிதழில் இருக்கிறது. பிபிஓ-வில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். ஆர்மி நம்பரை ஒவ்வொரு தாளிலும் போடுங்கள்.

தபால் வருவதற்குள் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இன்லேண்ட் லெட்டர்கள் கிடைத்தன. எதிலும் ஊர் பெயர் இல்லை, எழுதவும் கூடாது. ஆனால் அனுப்புநர் முகவரியில் "99 ஏபிஓ" என்று இருந்தது. ஏபிஓ என்றால் ராணுவத் தபால் நிலையம். 56 என்றால் மேற்கு, 99 என்றால் கிழக்கு. அந்த ஒரு எண்ணை வைத்து அவர் எந்தப் பக்கம் இருந்தார் என்று தெரிந்துகொண்டேன். 1971 போரில் கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த பூர்வி ஸ்டார் பதக்கம் அவர் வாங்கியிருந்தார், அதுவும் அதற்குப் பொருந்தியது. ஆனால் அந்த ஸ்டார் இருந்தாலே எல்லை தாண்டி அன்றைய கிழக்குப் பாகிஸ்தானுக்குள் (இன்றைய பங்களாதேஷ்) போனார் என்று சொல்லிவிட முடியாது. அசாம், மேகாலயா, திரிபுராவில் பணியில் இருந்தவர்களுக்கும் அது கொடுக்கப்பட்டது.

பதக்கங்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். முதல் வருஷத் திவசத்துக்குப் படத்தின் முன்னால் வைக்கலாம் என்று சொந்தக்காரர் ஒருவர் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டார். வட்டப் பதக்கத்தின் விளிம்பில்தான் நம்பரும் ரேங்கும் பெயரும் பொறித்திருக்கும். ஏற்கெனவே தேய்ந்திருந்த எழுத்து, இப்போது சாய்வாக டார்ச் அடித்தால்தான் தெரிகிறது. தயவுசெய்து தேய்க்காதீர்கள். பழைய தாள்களை லேமினேட் செய்யவும் வேண்டாம், பிறகு பிரித்தெடுக்க வழியே கிடையாது. 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வைத்தாலே போதும்.

எல்லை தாண்டினாரா என்ற கேள்விக்குப் பதில் எந்தத் தாளிலும் இல்லை. அப்பாவோடு ஒரே யூனிட்டில் இருந்த ஒருவர் சொன்னார். வயது 80, காது கேட்காது. நான் போனில் கேட்பதை அவர் மகள் காதருகே உரக்கச் சொன்னார். "சண்டையில என்ன நடந்தது?" என்றேன். மௌனம். திரும்பக் கேட்டேன், அப்போதும் மௌனம். "என்ன வண்டி ஓட்டினீங்க?" என்று மாற்றிக் கேட்டேன். "சக்திமான்!" என்று ராணுவ லாரியின் பெயரைச் சொன்னவர் நாற்பது நிமிஷம் நிறுத்தவில்லை. அகர்தலாவிலிருந்து புறப்பட்டது, ராத்திரியில் முன்விளக்கு போடாமல் ஓட்டியது, அப்பாவின் வண்டி தனக்கு முன்னால் போனது. எல்லாம் பதிவாகிவிட்டது. அவரை ஆறு மாதம் முன்பே கூப்பிட்டிருக்கலாம். அப்போது அவரோடு இன்னொரு நண்பரும் இருந்தார். இப்போது இல்லை. தாள் அலமாரியில் காத்திருக்கும், முதலில் ஆட்களிடம் பேசுங்கள்.

தபாலில் வந்த தாள்களில் பார்ட் டூ ஆர்டர் பதிவுகளும் இருந்தன. ஒரு சிப்பாயின் சொந்த விவரங்களை யூனிட் பதிவு செய்வது அதில்தான். கல்யாணம், லீவு, பதவி உயர்வு. 1974-இல் ஒரு வரி: மகன் பிறப்பு. என் பிறந்த தேதி. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். நான் பிறந்து ஐந்து மாதம் கழித்துத்தான் அப்பா லீவில் வந்து என்னைப் பார்த்தாராம். அதையும் அந்தப் பக்கத்துக்குக் கீழே, அம்மா சொன்னபடியே எழுதி வைத்திருக்கிறேன்.