"கவனக்குறைவு" என்ற ஒரு சொல்லை மாற்ற எங்களுக்கு ஏழு மாதம் ஆனது

2022 ஆகஸ்டில் எங்கள் பிரஸ் ஷாப்பில், அதாவது உலோகத் தகட்டை மெஷினில் அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரிவில், ஒரு தம்பிக்கு வலது கையில் இரண்டு விரல் போனது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். அவனுக்கு அப்போது 23 வயது, திருவண்ணாமலை பக்கத்து ஊர், காண்டிராக்டில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு சங்கத்தில் நாங்கள் என்ன செய்தோம், எங்கே தவறவிட்டோம், எது வேலைக்கு ஆனது என்று எழுதச் சொல்லி பக்கத்துக் கம்பெனித் தோழர்கள் இரண்டு மூன்று பேர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சென்னைக்கு மேற்கே உள்ள ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே 16 வருடமாக பிரஸ் ஆபரேட்டர், சங்கச் செயற்குழு உறுப்பினர்.

விபத்து நடந்தது சி ஷிஃப்டில், அதிகாலை 3:40க்கு. நான் ஏ ஷிஃப்டுக்கு ஆறு மணிக்கு உள்ளே போனபோது டையை, தகட்டுக்கு வடிவம் தரும் அச்சை, துடைத்து வைத்திருந்தார்கள். கீழே மரத்தூள் போட்டுப் பெருக்கிய தடம் இருந்தது. அந்த பிரஸ்ஸில் இரண்டு பச்சை பட்டன், இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் ஸ்ட்ரோக் இறங்கும், அதாவது மேலே உள்ள ராம் என்ற பாகம் டைமேல் வந்து அழுத்தும், அப்போது கை டைக்குள் இருக்க முடியாது என்பதுதான் ஏற்பாடு. இடது பட்டனைச் சுற்றி ரப்பர் தேய்ந்த கறுப்பு வளையம் ஒன்று தெரிந்தது. வழக்கமாக அதில் இறுக்கிக் கட்டியிருக்கும் சைக்கிள் டியூப் துண்டைத்தான் காணவில்லை.

அந்த டியூப் ஏன் என்றால், மணிக்கு 400 பீஸ் டார்கெட். இரண்டு பட்டனையும் ஒழுங்காக அழுத்தி ஓட்டினால் 300ஐத் தாண்டாது. ஒரு பட்டனைக் கட்டிவிட்டால் ஒரு கை பீஸை வைக்கவும் எடுக்கவும் சும்மா கிடைக்கும். சூப்பர்வைசருக்குத் தெரியும், மேனேஜருக்குத் தெரியும், எனக்கும் தெரியும், நானே அப்படி ஓட்டியிருக்கிறேன். ஒவ்வொரு சம்பள ஒப்பந்தத்திலும் பாதுகாப்புக் கோரிக்கையைக் கோரிக்கை சாசனத்தின் கடைசிப் பக்கத்தில் வைத்து, பேச்சுவார்த்தை இழுக்கும்போது முதலில் அதையே விட்டுக்கொடுத்து, பதிலுக்குக் கூடுதலாக இருநூறோ முந்நூறோ வாங்கி வந்தோம். அதில் எனக்கும் பங்கு உண்டு. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

லைன் சூப்பர்வைசர் நோட்டில் அன்று காலை எழுதியிருந்தது ஒரே வரி: "ஆபரேட்டரின் கவனக்குறைவால் கையில் அடி."

முதல் வேலை ஈ.எஸ்.ஐ., தொழிலாளர் அரசுக் காப்பீடு. இதில் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. தம்பியை இரவோடு இரவாக ஒரு தனியார் நர்சிங் ஹோமில் சேர்த்திருந்தார்கள். காண்டிராக்டர் வந்து, "செலவு முழுசும் நாங்க பாத்துக்கறோம், ரெண்டு மாசம் சம்பளம் தர்றோம், ஈ.எஸ்.ஐ. எல்லாம் எதுக்கு, அலைச்சல்" என்று அவன் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த மனிதர், செலவை ஏற்கிறார்களே என்று கைகூப்பிக்கொண்டு நின்றார். நாங்கள் அவரை வெளியே டீக்கடைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்து விளக்கினோம். விபத்து அறிக்கை ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போகவில்லை என்றால் இது வேலையில் பட்ட காயம் என்பதற்கே பதிவு இருக்காது. பதிவு இருந்தால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு தினக்கூலியில் 90 சதவீதம் வரும், அதற்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. அதன் பிறகு மருத்துவக் குழு உடல் இழப்பைச் சதவீதமாக நிர்ணயித்தால், ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம் வரும். காண்டிராக்டர் தருவதாகச் சொன்ன இரண்டு மாதச் சம்பளத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் அவருக்குப் புரிந்துவிட்டது.

மாலைக்குள் சங்கக் கடிதத்தோடு எச்.ஆர். முன்னால் போய் நின்றோம். அறிக்கை போனது. பின்னால் மருத்துவக் குழு 20 சதவீதம் என்று எழுதியது, ஒரு கையில் இரண்டு விரல் இழந்தால் அட்டவணையில் உள்ள கணக்கு அதுதான். அவனுடைய சராசரி தினக்கூலி சுமார் 500 ரூபாய். அதில் 90 சதவீதம் 450, அதில் 20 சதவீதம் 90. ஒரு நாளைக்கு 90 ரூபாய். அந்தக் காகிதத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு தம்பி என்னிடம் கேட்டான், "ரெண்டு விரலுக்கு இதான் கணக்காண்ணே?" நான் பதில் சொல்லவில்லை.

சரி, பணம் ஒரு பக்கம். "கவனக்குறைவு" என்று எழுதியிருந்தாலும் ஈ.எஸ்.ஐ. பணம் நிற்காது, தொழிலாளி விதியை மீறியே வேலை செய்திருந்தாலும் அது முதலாளியின் வேலைக்காகச் செய்ததாக இருந்தால் வேலையில் நடந்த விபத்துதான் என்று ஈ.எஸ்.ஐ. சட்டம் 51பி பிரிவு சொல்கிறது. அப்புறம் ஏன் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கினோம் என்று எங்கள் சங்கத்திலேயே சிலர் கேட்டார்கள். காரணம், தப்பு ஆபரேட்டர்மேல் என்று எழுதிவிட்டால் மெஷினை யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை. அன்று காலை எட்டு மணிக்கெல்லாம் அதே பிரஸ்ஸில் இன்னொரு பையன் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தான்.

தம்பி ஆரம்பத்திலிருந்து ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்: "நான் ஒரு தடவைதான் அழுத்தினேன், அது ரெண்டு தடவை இறங்குச்சு." பிரஸ்ஸில் வேலை செய்தவர்களுக்கு உடனே புரியும், ரிபீட் ஸ்ட்ரோக். எங்களுடையது பழைய கீ கிளட்ச் பிரஸ், சுற்றும் சக்கரத்தையும் தண்டையும் சாவி என்ற உலோகத் துண்டுதான் இணைக்கும். ஒரு முறை கிளட்ச் பிடித்தால் ஒரு சுற்று முழுக்கச் சுற்றித்தான் நிற்கும், நடுவில் நிறுத்த முடியாது. சாவியைத் திருப்பி இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்தாலோ உடைந்தாலோ சாவி விலகாமல் இன்னொரு சுற்று தானாகவே இறங்கும். பீஸை எடுக்கக் கை உள்ளே போயிருக்கும் நேரம் அதுதான்.

இதை எப்படி நிரூபிப்பது? பிரேக்டவுன் ஸ்லிப் புத்தகத்தைத் தேடினோம். கார்பன் வைத்து எழுதும் புத்தகம், மேல் தாள் மெயின்டெனன்ஸுக்குப் போய்விடும், நகல் லைனிலேயே இருக்கும். விபத்துக்கு 11 நாள் முன்பு பி ஷிஃப்ட் ஆபரேட்டர் ஒருவர் எழுதியிருந்தார்: "டபுள் ஸ்ட்ரோக் வருது, பார்க்கவும்." எதிரே மெயின்டெனன்ஸ் கையெழுத்து இல்லை.

இரண்டு வாரம் கழித்து எங்கள் ஃபிட்டர் ஒருவர் கேன்டீன் பின்பக்கம் என்னைக் கூப்பிட்டார். காட்டன் வேஸ்டில் சுற்றிய ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தார். கிரீஸ் படிந்த ஸ்பிரிங், மூன்றாவது சுருளில் இரண்டாக உடைந்திருந்தது. உடைந்த இடத்தில் பாதி துரு நிறம், பாதி பளபளப்பு. அதாவது பாதி ஏற்கெனவே விரிசல் விட்டுப் பழசாகியிருந்தது, மிச்சம் அன்றைக்குத்தான் போயிருக்கிறது. விபத்து நடந்த அன்று விடியற்காலையில் அவரை விட்டுத்தான் புது ஸ்பிரிங் மாட்டியிருக்கிறார்கள், பழசை ஸ்க்ராப்பில் போடச் சொல்லியிருக்கிறார்கள். அவர் போடவில்லை. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். "தோழர், இதை வெளிய எடுத்தா ஆபரேட்டர் கவனக்குறைவுங்கறது ஃபிட்டர் கவனக்குறைவுன்னு மாறிடும். எனக்கு ரெண்டு பொண்ணு" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். அதனால் அவசரப்படவில்லை. முதலில் ஸ்டோர்ஸில் அவர் போட்ட இண்டென்ட் சீட்டைத் தேடினோம். அந்த ஸ்பிரிங் கேட்டு விபத்துக்கு இரண்டு மாதம் முன்பே எழுதியிருக்கிறார், ஸ்டாக் இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அந்தச் சீட்டு கைக்கு வந்த பிறகுதான் ஸ்பிரிங்கை வெளியே எடுத்தோம். யாராவது இதே வழியில் போனால் இந்த வரிசையை மறக்காதீர்கள். மெஷினின் தப்பைக் காட்டும்போது அது இன்னொரு தொழிலாளியின் தலையில் விழாதபடி முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி அரசுக்கு என்ன எழுதியது என்பதும் தெரிய வேண்டியிருந்தது. 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயம் என்றால் ஃபேக்டரி இன்ஸ்பெக்டருக்கு அறிவிப்பு போக வேண்டும், தொழிற்சாலைகள் சட்டம் 88வது பிரிவு. அந்த நகலைக் கேட்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தம்பி பெயரிலேயே மனு போட்டோம், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி. 26வது நாள் நகல் வந்தது. காரணம் என்ற இடத்தில் அதே சொல்தான்.

ஸ்பிரிங்கின் படம், பிரேக்டவுன் ஸ்லிப், இண்டென்ட் நகல் மூன்றையும் வைத்து நிர்வாகத்துக்குக் கடிதம், நகல் இன்ஸ்பெக்டருக்கு. ஆனால் ஒரே ஒரு விபத்தை வைத்துப் பேசினால் ஒரு ஸ்பிரிங்கோடு முடித்துவிடுவார்கள் என்று எங்கள் தலைவர் சொன்னார். அதனால் இரண்டு வேலை செய்தோம். கேன்டீனில் ஒரு 64 பக்க நோட்டைச் சுற்றுக்கு விட்டோம். அடி படாமல் தப்பியதை மட்டும் எழுத வேண்டும், தேதி, மெஷின், என்ன நடந்தது, அவ்வளவுதான், பெயர் வேண்டாம். ஏழு வாரத்தில் 31 பதிவு. அதில் ஒன்பது, டபுள் ஸ்ட்ரோக்.

இன்னொன்று, சார்ட் பேப்பரில் ஆள் உயரத்துக்கு ஒரு உடம்பு வரைந்து சங்க அலுவலகச் சுவரில் ஒட்டினோம். எங்கே வலிக்கிறதோ அங்கே ஒரு பொட்டு வைக்க வேண்டும். இன்ஸ்பெக்ஷன் பிரிவுப் பெண்கள்தான் ஸ்டிக்கர் பொட்டு அட்டை வாங்கி வந்தார்கள், பிரஸ் ஷாப்புக்குச் சிவப்பு, உலோகப் பூச்சு போடும் பிளேட்டிங் பிரிவுக்குப் பச்சை, அவர்களுக்கு மெரூன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் சிவப்பு முழுக்க கையிலும் இடுப்பிலும். மெரூன் மணிக்கட்டிலும் அடிவயிற்றிலும். ஷிஃப்டில் பாத்ரூம் போக ஆள் மாற்றிவிட மாட்டார்கள் என்பதால் தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்று வந்தவர்கள் அத்தனை பேர் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பச்சைப் பொட்டு எல்லாம் மூக்கில். பிளேட்டிங் அண்ணன் ஒருவருக்குத் தினமும் மூக்கில் ரத்தம், உடம்புச் சூடு என்று நினைத்து இரண்டு வருடமாக வெந்தயம் ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்தார். ஈ.எஸ்.ஐ.யில் காட்டியபோது மூக்கின் நடுச்சுவரில் சின்ன ஓட்டை. குரோமிக் ஆசிட் ஆவி செய்யும் வேலை அது.

இந்தப் பச்சைப் பொட்டுதான் எங்களுக்கு வழி திறந்தது. பாதுகாப்புக் குழு கேட்டபோதெல்லாம், அபாயகரமான தொழில் நடக்கும் ஆலைக்குத்தான் அது கட்டாயம், பிரஸ் ஷாப்புக்குக் கிடையாது என்பார்கள். தொழிற்சாலைகள் சட்டத்தின் முதல் அட்டவணையை எடுத்துப் படித்தோம், 29 தொழில்கள், அதில் எலக்ட்ரோபிளேட்டிங் இருக்கிறது. எங்கள் காம்பவுண்டுக்குள்ளேயே பிளேட்டிங் நடக்கிறது. 41ஜி பிரிவின்படி நிர்வாகத்தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் உள்ள குழு வைத்தே ஆக வேண்டும். இந்தப் பிரிவு வந்த கதையைக் கூட்டத்தில் தலைவர் சொன்னார். போபாலில் 1981 டிசம்பரிலேயே ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு பட்டு ஒரு தொழிலாளி இறந்தார், அங்கிருந்த சங்கம் சுவரொட்டி ஒட்டி எச்சரித்தது, யாரும் கேட்கவில்லை. 1984 டிசம்பரில் அது நடந்தது. அதன் பிறகு 1987இல்தான் சட்டத்தைத் திருத்தி இந்த அத்தியாயத்தைச் சேர்த்தார்கள். சொல்லி முடித்தபோது ஹாலில் யாரும் பேசவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். கிளட்ச் மூடியைக் கழற்றிப் பார்த்தார், நோட்டைப் புரட்டினார், பிளேட்டிங் தொட்டிமேல் உறிஞ்சும் ஃபேன் ஓடாததையும் குறித்துக்கொண்டார். எழுத்து மூலம் உத்தரவு வந்தது. ஐந்துக்கு ஐந்து என்று குழு அமைந்தது. எங்கள் ஐந்தில் ஒரு இடம் காண்டிராக்ட் தொழிலாளிக்கு என்றதும் "அவர்கள் எங்கள் தொழிலாளிகளே இல்லை" என்றார்கள். காண்டிராக்டர் மூலம் வேலை செய்பவரும் தொழிலாளிதான் என்று சட்டத்தின் 2வது பிரிவிலேயே இருக்கிறது, அதைக் காட்டினோம்.

முதல் கூட்டத்தில் நிர்வாகம் மார்ச் 4 பாதுகாப்பு தினத்துக்குக் கட்டுரைப் போட்டி பற்றிப் பேசியது. இரண்டாவது கூட்டத்தில் எல்லா பிரஸ்ஸுக்கும் சென்சார் லைட் கர்ட்டன், கை குறுக்கே வந்தால் மெஷினை நிறுத்தும் ஒளித்திரை, வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். பெரிய மனசுதான் என்று எனக்கே தோன்றியது. அதே ஃபிட்டர் எழுந்தார். "சார், கீ கிளட்ச் பிரஸ் பாதி ஸ்ட்ரோக்ல நிக்காது. சென்சார் கையைப் பார்த்தாலும் ராம் இறங்கித்தான் தீரும். இதுக்குக் கூண்டு மாதிரி ஃபிக்ஸ்டு கார்டு போட்டு, பீஸ் தானா சரிஞ்சு உள்ள போற மாதிரி ஃபீடர் வைங்க. சென்சார் வேணும்னா நடுவுல நிறுத்த முடியற ஏர் கிளட்ச் பிரஸ்ல போடுங்க." அந்த மேஜையில் இருந்த இன்ஜினியர்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை. இப்போது அப்படித்தான் போட்டிருக்கிறோம். பட்டன் வயரிங்கையும் மாற்றியாகிவிட்டது, ஒன்றைக் கட்டி வைத்தால் அடுத்த ஸ்ட்ரோக் வராது. டார்கெட்டை மணிக்கு 320 ஆக்கினார்கள், அதற்குத்தான் அதிகம் சண்டை.

2023 மார்ச்சில் திருத்திய விபத்து அறிக்கை போனது. காரணம்: கிளட்ச் சாவி ஸ்பிரிங் உடைந்து ரிபீட் ஸ்ட்ரோக். நகலை லேமினேட் செய்து தம்பியிடம் கொடுத்தோம். அவன் அதை வாங்கிப் படித்துவிட்டு அப்பாவுக்கு போன் போட்டு, "நான் தப்பு பண்ணலன்னு எழுதியிருக்காங்கப்பா" என்றான். அந்த ஊரில் ஏழு மாதமாக யார் யார் அவனை என்ன கேட்டிருப்பார்கள் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

கடிதம் எழுதப்போகிறவர்களுக்கு ஒன்று: நான் சொன்ன பிரிவு எண்கள் எல்லாம் பழைய சட்டத்தில் உள்ளவை. 2025 நவம்பர் 21 முதல் தொழிற்சாலைகள் சட்டமும் ஈ.எஸ்.ஐ. சட்டமும் புதிய தொகுப்புகளுக்குள் போய்விட்டன, அதைப் பார்த்து எண்ணைப் போடுங்கள்.

தம்பி இப்போது டூல் ரூமில் இருக்கிறான், பென்சிலைக் கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பிடித்து எழுதப் பழகிவிட்டான். பாதுகாப்புக் குழுவின் காண்டிராக்ட் இடத்தில் அவனே இருக்கிறான். ஷெட்டின் கடைசியில் உள்ள இரண்டு பிரஸ்ஸுக்கு இன்னும் கார்டு வரவில்லை, மினிட்ஸில் அவன் கையெழுத்தில் மூன்றாவது முறையாக அது ஏறியிருக்கிறது.