விம்கோ நகரிலிருந்து மயிலாப்பூர் வரை: கலைஞர் தொடங்கிய தண்டவாளம்

சென்னைக்கு மெட்ரோவைக் கொண்டுவந்தது யார் என்று கேட்டால் இரண்டு பதில் வரும், இரண்டுமே சூடாக வரும். வேலையைத் தொடங்கியது கலைஞர் ஆட்சி. முதல் ரயிலுக்குக் கொடி காட்டியது ஜெயலலிதா. இருவருமே இன்று இல்லை, ஆனால் சண்டை மட்டும் ஓயவில்லை. எங்கள் வீட்டிலும் அது உண்டு. பெரியப்பா எம்.ஜி.ஆர். காலத்து இரட்டை இலைக்காரர். நான் கலைஞர் பக்கம். வீட்டில் உட்கார்ந்து பேசுவதை விட ரயிலிலேயே பேசலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். வடக்கே விம்கோ நகரில் ஏறி அண்ணா சாலை வரை வருவது, மெரினாவில் கலைஞர் நினைவிடத்தைப் பார்ப்பது, பிறகு சேப்பாக்கத்தில், தூண்கள் மேல் ஓடும் பறக்கும் ரயில் பிடித்து வேளச்சேரி போவது. அவ்வளவுதான் திட்டம்.

விம்கோ என்பது ஒரு தீப்பெட்டி கம்பெனியின் பெயர். கம்பெனியின் பெயரே பகுதிக்குப் பெயராகி, இப்போது மெட்ரோ நிலையத்தின் பெயராகவும் ஆகிவிட்டது. தொழிலாளர்கள் வாழும் வடசென்னையின் பெயர்கள் எல்லாமே இந்தத் தடத்தில் வரிசையாக வருகின்றன: திருவொற்றியூர் தேரடி, காலடிப்பேட்டை, டோல்கேட், தண்டையார்பேட்டை. மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் ஓட்டு வீடுகளும் மொட்டை மாடிகளும், தூரத்தில் கடலும் தெரியும். புதுவண்ணாரப்பேட்டை தாண்டியதும் ரயில் தரைக்குள் இறங்கிவிடுகிறது.

இந்த வடக்கு நீட்டிப்பு ஏறத்தாழ 9 கிலோமீட்டர். 2016-ல் ஜெயலலிதா அடிக்கல் நாட்டினார். 2021 பிப்ரவரி 14-ல் பிரதமர் மோடி திறந்து வைத்தார். பெரியப்பா இதை முதலிலேயே சொல்லிவிட்டார். "பாத்துக்கோ, வடசென்னைக்கு ரயில் விட்டது அம்மா." சரிதான், இதில் நான் மறுத்துப் பேச ஒன்றுமில்லை. ஆனால் நீட்டுவதற்கு முதலில் ஒரு தடம் இருக்க வேண்டுமே. அது எப்படி வந்தது என்பதை வண்ணாரப்பேட்டைக்கும் சென்ட்ரலுக்கும் நடுவில் அவரிடம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

கலைஞர் ஐந்தாம் முறை முதல்வரானது 2006-ல். டெல்லி மெட்ரோ நிறுவனம் சென்னைக்கான விரிவான திட்ட அறிக்கையைத் தயாரித்துக் கொடுத்தது. 2007 நவம்பரில் மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அடுத்த மாதமே சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் பதிவானது. அதில் மத்திய அரசும் மாநில அரசும் சமபங்கு. அன்று உள்ளாட்சித் துறை அமைச்சராக இருந்த ஸ்டாலின் ஜப்பான் சென்று கடனுக்காகப் பேசினார். 2008 நவம்பரில் கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2009 ஜனவரியில் மத்திய அமைச்சரவை அனுமதி கொடுத்தது. அதே ஆண்டு ஜூனில் கோயம்பேடு, அசோக் நகர் பக்கம் தூணுக்குத் துளை போடத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு வழித்தடங்கள், 45 கிலோமீட்டர், 14,600 கோடி ரூபாய் மதிப்பீடு. அதில் ஏறத்தாழ 59 சதவீதம் ஜப்பான் கடன்.

நம் ஊரில் ஒரு மேம்பாலத்துக்கே எத்தனை வருடம் ஆகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், காகிதத்திலிருந்து கடப்பாரைக்கு ஒன்றரை வருடத்தில் வந்தது சாதாரண காரியம் இல்லை.

நடுவில் காலடிப்பேட்டையில் ஏறிய ஒரு பெண் எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மடியில் டிபன் கேரியர். அண்ணா சாலையில் நாங்கள் இறங்க வேண்டிய அரசினர் தோட்டம் நிலையத்தில்தான் அவரும் இறங்க வேண்டுமாம். அப்பா அங்கே பன்னோக்கு மருத்துவமனையில் படுத்திருக்கிறார். "பஸ்ல போனா பாரிஸ்ல இறங்கி மாறணும், சோறு ஆறிடும்ணா. இதுல ஒரே வண்டி" என்றார். பெரியப்பா அவருடைய அப்பாவுக்கு என்ன உடம்பு என்று விசாரித்து, சீக்கிரம் தேறிவிடுவார் என்று ஆறுதல் சொன்னார்.

அரசினர் தோட்டத்தில் மேலே ஏறி வந்ததும் அந்தப் பெரிய வட்டக் கட்டடம் கண்ணில் படும். நான் பெரியப்பாவை இங்கே அழைத்து வந்ததற்கு முக்கியக் காரணமே அதுதான். கலைஞர் அதைப் புதிய சட்டமன்ற, தலைமைச் செயலக வளாகமாகக் கட்டினார். 2010 மார்ச்சில் திறப்பு விழா நடந்தது. 2011-ல் ஆட்சி மாறியது. சட்டமன்றம் மறுபடியும் கோட்டைக்கே போனது. 2014-ல் இந்தக் கட்டடம் மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது.

மெட்ரோவுக்கும் இதே நிலை வந்திருக்கலாம். 2011-ல் வந்த புதிய அரசு மெட்ரோவை விட மோனோ ரயில்தான் ஏற்றது என்று சொல்லி, 111 கிலோமீட்டருக்கு மோனோ ரயில் அறிவித்தது. அந்த மோனோ ரயில் வரவே இல்லை, ஆனால் மெட்ரோ நின்றுபோகவும் இல்லை. ஏன்?

என் எண்ணம் இது. ஒரு கட்டடம் மாநில அரசின் சொத்து மட்டுமே. அடுத்து வருபவர் ஒரு உத்தரவில் அதை வேறொன்றாக மாற்றிவிட முடியும். மெட்ரோவை அப்படி மாற்ற முடியாது. பாதிப் பங்கு மத்திய அரசுடையது, கடன் ஒப்பந்தம் ஜப்பானோடு. 2011 மே மாதம் ஆட்சி மாறியபோது நூறடி ரோட்டில் தூண்கள் எழும்பிவிட்டன, ரயில் பெட்டிகளுக்கான ஒப்பந்தமும் முடிந்திருந்தது. யார் வந்தாலும் பின்வாங்க முடியாத இடம் வரை வேலையைக் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். இதைத்தான் கலைஞர் இந்த நகரத்தின் ரயிலுக்குச் செய்த பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன். அடிக்கல் நாட்டு விழாவில் கிடைக்கும் கைதட்டலை விட இதற்குத்தான் உழைப்பு அதிகம்.

பெரியப்பா கொஞ்ச நேரம் அந்தக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆஸ்பத்திரி ஆனதுல என்ன தப்பு? அந்தப் பொண்ணு அப்பா உள்ள படுத்திருக்காரே" என்றார். தப்பில்லை என்றேன். மனதார நினைத்துத்தான் சொன்னேன். "அம்மா நெனச்சிருந்தா மெட்ரோவை இழுத்தடிச்சிருக்கலாம். இழுக்கல. அதையும் எழுது" என்றார். எழுதுகிறேன். 2015 ஜூன் 29-ல் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை முதல் ரயில் ஓடியது. கோட்டையிலிருந்து காணொலி வழியாக ஜெயலலிதா தொடங்கி வைத்தார். முதல் தூணுக்குத் துளை போட்ட அதே நூறடி ரோட்டின் மேல்தான் அந்த ரயில் ஓடியது.

சுரங்க வேலை அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. அண்ணா சாலை பல வருடம் அடைத்துக் கிடந்தது. ஒப்பந்ததாரர் ஒருவர் நடுவிலேயே விலகினார். 2017 ஏப்ரலில் சாலை உள்வாங்கி ஒரு பேருந்தும் காரும் பள்ளத்தில் இறங்கின. முதல் கட்டம் முழுதாக முடிந்தது 2019 பிப்ரவரி 10-ல், வண்ணாரப்பேட்டை வரை. அதைப் பார்க்கக் கலைஞர் இல்லை. 2018 ஆகஸ்ட் 7-ல் போய்விட்டார்.

வாலாஜா சாலை வழியாக நடந்தே மெரினா வந்தோம். வெயில் இருந்தாலும் நடக்கக்கூடிய தூரம்தான். அங்கே நாங்கள் பிரிந்தோம். பெரியப்பா எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா நினைவிடத்துக்குப் போனார். நான் அண்ணா சதுக்கத்தில் கும்பிட்டுவிட்டுக் கலைஞர் நினைவிடத்துக்குப் போனேன்.

2024 பிப்ரவரியில் திறந்த நினைவிடம் இது. சமாதியில் "ஓய்வெடுக்காமல் உழைத்தவர் இதோ ஓய்வு கொண்டிருக்கிறார்" என்ற வரி. அதன் முன் நின்று செல்போனை வெளியே எடுக்காமல் அழுதுகொண்டிருந்த ஒரு வயதானவரைப் பார்த்தேன், என்னால் கடந்து போக முடியவில்லை. கீழே நிலத்தடியில் "கலைஞர் உலகம்" அருங்காட்சியகம். அதில் ஒரு அறை உண்டு. உள்ளே உட்கார்ந்தால் ரயிலில் போவது போல அறையே ஆடும், எதிரே திருக்குவளையும் திருவாரூரும் ஓடும். அவர் வாழ்க்கையைச் சொல்ல ரயிலைத் தேர்ந்தெடுத்தது ரொம்பப் பொருத்தம். தமிழ்நாடு முழுக்க அவரை அறிந்ததே ஒரு தண்டவாளத்தில்தான். 1953 ஜூலை 15, டால்மியாபுரம் என்ற பெயரைக் கல்லக்குடி என்று மாற்றக் கோரி ரயில் முன் தலைவைத்துப் படுத்து, சிறைக்குப் போனார். அதே வருடம் ஏப்ரலில்தான் சென்னையின் டிராம் வண்டிகள் நிரந்தரமாக நின்றன என்பதையும் சொல்லவேண்டும். அதன் பிறகு இந்த நகரத்துக்கு மிஞ்சியது புறநகர் மின்சார ரயில் மட்டுமே.

பெரியப்பா வந்து சேர்ந்ததும் சேப்பாக்கம் நிலையத்துக்குப் போனோம். பறக்கும் ரயிலின் கதை மெட்ரோவை விடப் பொறுமையைச் சோதிக்கும். எம்.ஜி.ஆர். காலத்தில் வேலை ஆரம்பித்து, 1995-ல் கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை ஓடியது. அப்போது ஜெயலலிதா ஆட்சி. 1997-ல் மயிலாப்பூருக்கு வந்தபோது கலைஞர் ஆட்சி. 2004-ல் திருவான்மியூர் வந்தபோது மறுபடி ஜெயலலிதா. 2007 நவம்பரில் வேளச்சேரி வந்தபோது மறுபடி கலைஞர். இப்படி மாறி மாறி வந்த தடம் இது. மயிலாப்பூருக்குத் தெற்கே போன இரண்டாம் கட்டச் செலவில் மூன்றில் இரண்டு பங்கை மாநில அரசு ஏற்றது, ஒரு பங்கை ரயில்வே ஏற்றது. ரயில் என்றால் டெல்லி பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்காமல் மாநிலம் தன் கஜானாவைத் திறந்த பழக்கம் அங்கேதான் வேரூன்றியது. மெட்ரோவுக்கு அது பெரிய பாடம்.

பறக்கும் ரயில் மீது எனக்கு வருத்தமும் உண்டு. பக்கிங்காம் கால்வாயின் மேலேயே தடத்தைப் போட்டதில் கால்வாய் நெருக்கப்பட்டுவிட்டது. மலை மாதிரி நிலையங்கள் கட்டி, தளம் தளமாகக் காலியாக விட்டார்கள். இருட்டிய பின் தனியாக வரும் பெண்கள் அந்தப் படிக்கட்டுகளைத் தவிர்க்கிறார்கள் என்பது சென்னைக்காரர் எல்லாருக்கும் தெரியும். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு வெறும் 5 கிலோமீட்டர். 2008-ல் தொடங்கிய வேலை, கடைசி அரைக் கிலோமீட்டர் நில வழக்கில் பல ஆண்டுகள் முடங்கியது. கலைஞர் பேரைச் சொல்லும் நாங்கள்தான் இதையும் முதலில் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். கட்டியதைக் கொண்டாடிவிட்டு, பராமரிப்பை மறந்துவிட்டால் அந்தப் பேருக்கு என்ன மரியாதை?

வண்டி வந்தது, ஜன்னலோரம் கிடைத்தது. திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், முண்டகக்கண்ணி அம்மன் கோயில் தாண்டி மயிலாப்பூர் வந்தபோது பெரியப்பா எழுந்து கீழே எட்டிப் பார்த்தார். இரண்டாம் கட்ட மெட்ரோவுக்காக ஊரையே தோண்டி வைத்திருந்தார்கள். மூன்று வழித்தடங்கள், 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். அதில் இரண்டு தடங்கள் இந்தத் திருமயிலையில் பூமிக்கடியில் சந்திக்கின்றன. 2020 நவம்பரில், எடப்பாடி பழனிசாமி முதல்வராக இருந்தபோது அடிக்கல் நாட்டப்பட்டது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது, வேலை நிற்கவில்லை.

"இது எங்க ஆளுங்க ஆரம்பிச்சது, தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும் பெரியப்பா. தோண்டிக்கிட்டு இருந்தது எங்க ஆளுங்க."

"சரி. பூந்தமல்லிக்கு எந்தத் தடம் போகுது?"

கலங்கரை விளக்கத்திலிருந்து போகும் தடம் என்றேன். பூந்தமல்லியில் அவருடைய தங்கை வீடு. பனகல் பூங்கா, கோடம்பாக்கம், வடபழனி, போரூர் என்று நிலையங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார், மந்தைவெளி தாண்டியும் கேள்வி முடியவில்லை.