சக்கிமுக்கிக் கல்லைத் தேடி நொய்யல் கரைக்கு

எங்கள் அப்புச்சி சுருட்டுப் பற்றவைக்கத் தீப்பெட்டி தேடமாட்டார். இடுப்பில் ஒரு சுருக்குப் பை இருக்கும், அதில் விரல் நீளத்துக்கு ஒரு இரும்புத் துண்டு, சக்கிமுக்கிக் கல் என்று ஒரு வெள்ளைக் கல், கொஞ்சம் இலவம்பஞ்சு. ரெண்டு தட்டு தட்டுவார், பஞ்சு புகைய ஆரம்பித்துவிடும். அவரும் போய்விட்டார், பையும் போய்விட்டது. போன மாசம் பெருந்துறையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அந்தக் கல் ஞாபகம் வந்து, பந்தி முடிந்த கையோடு நொய்யல் கரையிலிருக்கும் கொடுமணலுக்கு வண்டியை விட்டேன்.

ஏன் கொடுமணல் என்றால், பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று சொல்லும் ஊர் அது. கல்லை அறுத்து, தேய்த்து, துளை போட்டு மணியாக்கிய ஊர். பச்சைக்கல் பக்கத்துப் படியூரில் கிடைத்தது, ஆனால் சிவப்பான சூதுபவளம் இங்கே கிடையாது, குஜராத் பக்கமிருந்து வந்தது. அந்தச் சூதுபவளமும் ஐரோப்பாவின் சக்கிமுக்கிக் கல்லும் ஒரே குடும்பம், இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத பொடிப் படிகங்கள் இறுகிய சிலிக்கா.

பெரிய கட்டடமோ பலகைகளோ எதிர்பார்த்துப் போகாதீர்கள். கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், கிளுவை வேலி, நடுவே ஈமக்காட்டின் கல்வட்டங்கள், அவ்வளவுதான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது, ரொம்ப நேரம் நின்றுவிட்டேன்.

திரும்பும்போது ரோட்டோரம் வெங்கச்சங்கல், அதாவது வெள்ளைப் படிகக் கல், ரெண்டு எடுத்து வேப்பமர நிழலில் தட்டிப் பார்த்தேன். சின்ன வயசில் இருட்டில் தட்டினால் கல்லுக்குள்ளேயே மஞ்சளாக மின்னும், கருகின வாசம் வரும். பகலில் வாசம் மட்டும்தான் வந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆத்தா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கல்லும் கல்லும் தட்டுனா வெளிச்சந்தானுங் கண்ணு வரும், நெருப்பு வராது. இரும்பு வேணும். இந்தா, இதுல தட்டு."

தொரட்டியோடு வைத்திருந்த அருவாளை நீட்டினார். அதன் முதுகில் கல்லின் கூரான விளிம்பை உரசி இழுத்ததும் நாலைந்து பொறி தெறித்தது! இத்தனை வருசம் பொறி கல்லிலிருந்து வருகிறது என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் எரிவது இரும்பு. கடினமான கல் இரும்பைத் துளித் துளியாகச் சீவுகிறது, சீவிய சூட்டில் அந்தத் துளி காற்றுப்பட்டு எரிகிறது. ஆத்தாவுக்கு இது தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளும் கிடைத்திருக்கின்றன என்பதை அந்த இடத்தில் நினைத்தபோது சிலிர்த்துவிட்டது, கல்லும் இரும்பும் ஒரே ஊரில் இருந்திருக்கின்றன. அதை வைத்து அவர்கள் நெருப்பு மூட்டினார்கள் என்று நான் சொல்லவரவில்லை, சங்கப் பாட்டில் வருவது ஞெலிகோல், அதாவது மரத்தைக் கடைந்து தீ எடுக்கும் கோல். அதியமானை வீட்டுக் கூரை ஓரத்தில் செருகிய ஞெலிகோலுக்கு ஒப்பிட்டு ஔவையார் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. 'சக்கிமுக்கி' என்ற சொல்லே துருக்கியிலிருந்து உருது வழியாக நம்மிடம் வந்தது.

அசல் சக்கிமுக்கிக் கல் சுண்ணப்பாறைக்குள் உருண்டை உருண்டையாக விளைவது. தட்டினால் கண்ணாடி மாதிரிச் சில்லாகப் பிரியும். இங்கிலாந்தின் நார்ஃபோக்கில், நாலாயிரம் வருசத்துக்கும் முன்னால், மான்கொம்பால் குழி தோண்டியே இதை எடுத்திருக்கிறார்கள். கற்கோடாரி, அம்புமுனை, அரிவாள் பல், எல்லாம் அதில்தான்.

அந்தக் கல் கொங்குக்கு வந்த வழிதான் மனசை என்னவோ செய்தது. சென்னிமலை, அரச்சலூர் தாண்டி ஓடாநிலைக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலம். தீரன் சின்னமலை கோட்டை கட்டியிருந்த ஊர், இப்போது மணிமண்டபம் இருக்கிறது. அந்தக் காலத்துக் கம்பெனிப் படையின் துப்பாக்கிகளில் விசையை இழுத்தால் சக்கிமுக்கிச் சில் ஒன்று இரும்புத் தகட்டில் உரசி, அந்தப் பொறியில்தான் மருந்து வெடிக்கும். 1805இல் சங்ககிரியில் அவரைத் தூக்கிலிட்டார்கள். உரசினால் பற்றும் தீக்குச்சி 1827இல்தான் விற்பனைக்கு வந்தது, அப்புறம் இந்தக் கல்லைத் தேடுவது மெல்ல மெல்லக் குறைந்தது. இன்றைய லைட்டரில் இருக்கும் 'கல்' 1903இல் வந்த ஒரு உலோகக் கலவை, கல்லே இல்லை.

ரோட்டோரத்து வெங்கச்சங்கல் ஒன்று என் பையில் இருக்கிறது. பழைய இரும்புக் கடையில் தேய்ந்த அரம் ஒன்று வாங்க வேண்டும், பொறிக்கு அரத்து இரும்பு நல்லது. பஞ்சுக்கு அம்மாயியின் பழைய தலையணை இருக்கிறது.